மூச்சு விடாத குரல்

டிசம்பர் 2, செவ்வாய்

பால் மறுபடியும் கெட்டுவிட்டது. போன வாரமும் இதே கூத்து. ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு. ஆனால் சுவிட்ச் போட்டபடிதான் இருக்கிறது. அதாவது யாரோ அணைத்துவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி போட்டு வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் மூன்று பேர். நான் அணைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பார், ஆனால் ஃப்ரிட்ஜ் பக்கம் போவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பதற்கு மட்டும்தான். மிச்சம் நாத்தனார். கேட்டேன். "தெரியலையே அண்ணி" என்றாள். அந்த 'யே'யில் ஓர் இழுப்பு இருந்தது. காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள் நான். எனக்குச் சம்பளமே காதுக்குத்தான். எந்த இழுப்பு நிஜம், எது பூச்சு என்று எனக்குத் தெரியாதா?

மார்ச்சில் புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு வந்தாள். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வெந்நீர் இயந்திரக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கிற வேலை. நாள் முழுக்க ஒரே குரலில் "காத்திருந்தமைக்கு நன்றி, காத்திருந்தமைக்கு நன்றி." சரி, அது பிழைப்பு. வேலை முடிந்த பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன முணுமுணுப்பு? யாரிடம்? என்னைப் பற்றித்தான் இருக்கும்.

என்னுடைய தடிப் போர்வையையும் காணோம்.

போகட்டும். ஆண்டு முடிகிறது, பட்டியலைத் தொடங்க வேண்டும். சினிமாவுக்குப் பாடாமல், பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லாமல், வீட்டு அறையிலேயே பாடிப் பதிந்து வலையில் ஏற்றுகிறவர்களின் பாட்டுதான் எங்களுக்கு உயிர். எங்களுக்கு என்றால், குழுவில் உள்ள நாற்பது சொச்சம் பைத்தியங்களுக்கு. அங்கே எனக்குப் பெயர் 'காது'. வருடக் கடைசியில் 'காதின் பத்து' வந்தால்தான் அவர்களுக்கு ஆண்டே முடியும். பெருமைதான். இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்.

காலையில் இவர் சவரம் செய்தபடி ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாத மெட்டு. "என்ன பாட்டு?" "சும்மா." சும்மா என்று ஒரு பாட்டை நான் கேட்டதில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

குழுவை நடத்துகிறவர் ஓர் இணைப்பு அனுப்பினார். வாயைத் திறந்தால் மூடாததால் அவருக்கு 'வானொலி' என்று பெயர். "காது, இதக் கேளுங்க, கேட்டுட்டுப் பேசுங்க" என்றார்.

ஈரக்குடை. அதுதான் பாடுகிறவளின் பெயராம். படம் இல்லை, ஊர் இல்லை, ஒரு விவரமும் இல்லை. மூன்று பாட்டு. இரண்டாவது பாட்டில் ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே காத்திருக்கிறாள். தாளத்துக்கு ஏதோ தகர டப்பாவை விரலால் தட்டுகிறார்கள். குரல் தாழ்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக வருகிறது.

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன். நடந்துகொண்டே அழுதேன் என்று எழுத வேண்டாம். எழுதியாயிற்று.

இந்த வருடம் முதல் இடம் இதற்குத்தான். ஆனாலும் இவ்வளவு சுத்தமாக ஒன்று இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டிசம்பர் 6, சனி

இன்றும் அதே பாட்டுதான். இதில் என்னவோ இல்லை. என்ன இல்லை?

டிசம்பர் 9, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

மதியம் பரிசோதனைக்கு ஆள் வரவில்லை. சத்தம் புகாத அறைக்குள் நானே போய் உட்கார்ந்து, நோயாளிகளுக்கு மாட்டுகிற ஹெட்போனில் மூன்றையும் கேட்டேன். மூச்சு இல்லை. ஓர் இடத்தில்கூட இல்லை. எட்டு அடி நீளத்துக்கு ஒரு வரி, அது முடிந்ததும் உடனே அடுத்த வரி. நடுவில் மனுஷி காற்று இழுக்க வேண்டாமா? வாய் திறக்கிற ஈரச் சத்தம், நாற்காலி முனகல், ஒன்றும் கிடையாது.

மெஷின்தான். நாலு வார்த்தை தட்டினால் பாட்டாகத் துப்புகிற கணினிச் சரக்கு. இந்த வருடம் ஊரெல்லாம் அதுதானே. எனக்கே காதில் பூ சுற்றப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு நான் அழுதுவேறு தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் மறுபடியும் வெதுவெதுப்பு. போதும் என்று ஒரு தாளில் 'யாரும் அணைக்கக் கூடாது' என்று எழுதி சுவிட்ச் மேல் ஒட்டினேன். பெயர் போடவில்லை. போடவும் வேண்டாம். பழைய ஃப்ரிட்ஜ், நின்று மறுபடி ஓடும்போது இரண்டு தரம் இருமி, ஓர் ஏப்பம் விட்டுத்தான் ஓடத் தொடங்கும். அதைப் போட்டு இந்தப் பாடு படுத்தினால் செத்துப்போகும்.

நாத்தனார் தாளைப் படித்தாள். தலையாட்டிவிட்டு அறைக்குள் போனாள். எனக்கு அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

டிசம்பர் 11, வியாழன்

குழுவில் எழுதினேன். நான்கே வரி. "ஈரக்குடை என்று ஆளே கிடையாது. கேளுங்கள், எங்காவது மூச்சு இருக்கிறதா? மூச்சு விடாமல் பாடுவது மனுஷியால் முடியாது. நாம் மெஷினுக்கு அழுதுகொண்டிருக்கிறோம்."

பற்றிக்கொண்டது. "காது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வானொலி ஆரம்பித்துவைத்தார். சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் அந்தப் பாட்டுகளின் கீழே போய் வாந்தி எடுத்துவிட்டார்கள். மூச்சில்லாதவள், பொம்மை, பிணம் என்றெல்லாம். பிணம் என்பது கொஞ்சம் அதிகம்தான். நான் சொல்லவில்லை அதை.

ஆனாலும் இரவுச் சாப்பாடு இறங்கியது. உண்மையைச் சொன்ன திருப்தி.

நாத்தனார் சாப்பிட வரவில்லை. தலைவலியாம்.

டிசம்பர் 13, சனி

எழுத்து கோணுகிறது.

ஈரக்குடை நாலாவது பாட்டு ஏற்றியிருக்கிறது. சண்டைக்கு வரும் என்று நினைத்துத்தான் திறந்தேன். மெதுவான பாட்டு. இதிலும் மூச்சு இல்லை. கடைசிப் பகுதியில் ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது:

"கதையைச் சாத்தாதே, நான் உள்ளேதான் இருக்கிறேன்."

கதையை! கதவை இல்லை. கதையை!

அது என் வார்த்தை. கல்யாணமான புதிதில் ஓர் இரட்டையர் பாடிய பாட்டை நான் சமையலறையில் ஓயாமல் பாடுவேன். அதில் 'கதவைச் சாத்தாதே' என்று வரும். என் காதில் விழுந்தது 'கதையைச் சாத்தாதே'. காதுக்காரிக்கே காது கேட்கவில்லை என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது பேச்சாகிவிட்டது. யாராவது நீட்டி முழக்கினால் "சரி, கதையச் சாத்து" என்போம். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மெஷினுக்கு இது எப்படித் தெரியும்?

தெரியாது. அப்படியானால் ஆள் இருக்கிறாள். அவளுக்கு என் வீட்டு வார்த்தை தெரிந்திருக்கிறது. யார் சொன்னது? நான் சொல்லவில்லை. நாத்தனாருக்குப் பாட்டு என்றாலே ஆகாது. வந்த புதிதில் ஹெட்போனை நீட்டினேன். "எனக்குப் பாட்டெல்லாம் ஒத்துக்காது அண்ணி, தலை வலிக்கும்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

மிச்சம் யார்?

இன்னொன்று. பாட்டின் மெட்டு. எங்கே கேட்டேன் எங்கே கேட்டேன் என்று மண்டையைக் குடைந்தது. குளியலறைக் கண்ணாடியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாம் தேதி காலையில் சவரம் செய்தபடி இவர் முனகியது. சும்மா என்றாரே, அதே மெட்டு. இன்றைக்குத்தான் வெளியான பாட்டு, பத்து நாளுக்கு முன்னாலேயே இவர் வாயில்.

டிசம்பர் 14, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று போன் வரும், ஓடுவார். எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், நான் எங்கே போய்ப் பார்த்தேன்? அந்த ஈரக்குடைக்காரி தாழ்ந்த குரலில் பாடுவாளாம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து டப்பா தட்டுவாராம். எங்கள் வீட்டுச் சிரிப்பை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். பணம் நகை என்றால்கூடப் போகட்டும் என்பேன். அந்த வார்த்தையை எப்படிய்யா கொடுக்க மனசு வந்துச்சு?

அண்ணனும் தங்கையும் சமையலறையில் குசுகுசு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் அவள் குழாயைத் திறந்தாள். இவர் "மழை வரும்போலிருக்கு" என்றார். வெளியில் வெயில் கொளுத்துகிறது.

ஆக நாத்தனாரும் உடந்தை. எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்துகொண்டிருக்கிறது, என் காதுக்கு மட்டும் எட்டாமல்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று ஓர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் வந்திருந்தார். உதடு தெரியாமல் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு நான் சொற்களைச் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "பலகை" என்றேன், "பலகை". "கதவு" என்றேன். அவர் யோசித்து, "கதை" என்றார். தப்பு என்று குறிக்க வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா, ரொம்ப மோசமா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "இல்லைங்க, நல்லாத்தான் கேக்குது" என்று மறுபடி சொல்லச் சொல்லி, சரி என்று குறித்தேன்.

வீட்டில் இவரிடம் நைசாகப் போட்டுப் பார்த்தேன்.

"அன்னிக்கு ஒரு பாட்டு முனகுனீங்களே, அது யார் பாடினது?"

"எங்கயோ கேட்டேன்."

"எங்க?"

"லிஃப்ட்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். காது நுனி சிவந்திருந்தது. கேட்கிற காதை மட்டுமல்ல, சிவக்கிற காதையும் எனக்குப் படிக்கத் தெரியும்.

டிசம்பர் 19, வெள்ளி

ஈரக்குடை எல்லாப் பாட்டையும் எடுத்துவிட்டது. பக்கம் காலி. ஒரே ஒரு வரி மட்டும் இருக்கிறது: "காத்திருந்தமைக்கு நன்றி."

குழுவில் கொண்டாடுகிறார்கள். வானொலி எனக்குக் கிரீடம் படம் அனுப்பினார். சந்தோஷப்பட வேண்டியவள் நான். இல்லை. அந்தப் பேருந்து நிறுத்தப் பாட்டு இனி யாருக்கும் கிடைக்காது என்பதுதான் திரும்பத் திரும்ப உறுத்துகிறது. என் குடியைக் கெடுக்க வந்தவள் பாட்டுக்கு நான் ஏன் துக்கம் கொண்டாடுகிறேன்?

டிசம்பர் 20, சனி

பட்டியலுக்காக எல்லாப் பாட்டையும் இறக்கி வைப்பது என் வழக்கம். நாலாவது பாட்டும் இருக்கிறது. இன்று அரை நாள்தான் வேலை. எல்லோரும் கிளம்பியதும் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கடைசிவரை கேட்டேன். பாட்டு முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.

முடிந்த பிறகு, அடியில், மிக மெல்லிதாக — இரண்டு இருமல். ஓர் ஏப்பம்.

என் ஃப்ரிட்ஜ்.

என் வீட்டிலேயா! நான் வேலைக்குப் போன நேரத்தில் என் வீட்டுக்குள்ளேயே கூட்டிவந்து பாட வைக்கிறாரா அந்த மனுஷன்? தங்கச்சி காவலுக்கா?

திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரம் போகிறேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

பிடித்தேன்.

மூன்று மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். என் வீட்டுக்கு நானே திருடி மாதிரி. சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன். கூடத்தில் நாத்தனார் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையில் இருந்தாள். இவர் இல்லை. வேறு யாரும் இல்லை. அவள் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன்.

கட்டில் மேல் அவளுடைய இரண்டு பெட்டியும் திறந்து கிடந்தன. பாதி அடுக்கியாகிவிட்டது. துணி அலமாரி காலி. காலி என்றால், துணி இல்லை. உள்பக்கம் மூன்று சுவரிலும் என் தடிப் போர்வை. துணி உலர்த்துகிற கிளிப்பால் பிடித்து வைத்திருந்தது. கீழே ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு பிஸ்கட் தகர டப்பா. அலமாரிக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கே ஃப்ரிட்ஜ் இருமியது.

கூடத்திலிருந்து அவள் குரல்: "காத்திருந்தமைக்கு நன்றி."

ஒன்பது மாதமாக ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம். நான் காதுக்காரி!

போனை வைத்துவிட்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்றாள். "போர்வையத் துவைச்சு வெச்சிட்டுப் போறேன் அண்ணி" என்றாள். அதுதான் அவள் முதலில் சொன்னது.

"எங்க போற?"

"வேலை பாக்கிற தோழிகிட்ட ரூம் இருக்கு."

"யாரு போகச் சொன்னா?"

"நீங்கதான்." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "காதுங்கறது நீங்கதான்னு எனக்கு முதல்லயே தெரியும். இந்த வயித்தக் கலக்குதுங்கறத வீட்லயும் சொல்றீங்க, நானும் இருக்கிற அந்தக் குழுவுலயும் எழுதுறீங்க. நான்தான்னு தெரிஞ்சே எழுதறீங்களா, தெரியாம எழுதறீங்களான்னு புரியல. அதான் ஏற்கனவே போட்டு வெச்சிருந்த பாட்டுல ரெண்டு அடையாளம் வெச்சேன். நம்ம வீட்டு வார்த்தை ஒண்ணு. ஃப்ரிட்ஜ் சத்தம் ஒண்ணு. முன்னெல்லாம் பாடும்போது அணைச்சிடுவேன், நீங்க தாள் ஒட்டினப்புறம் அணைக்கல. அத வெட்டி எடுத்திருக்கலாம், வேணும்னேதான் விட்டேன். உங்களுக்குக் கேட்டிருக்கும், வந்து பேசுவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டே இருந்தீங்க."

அவள் என்னைச் சந்தேகப்பட்ட அதே வாரம் நான் அவள் அண்ணனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"பாட்டே ஆகாதுன்னு சொன்னியேம்மா."

"நீங்க எல்லாத்துக்கும் இடம் போடுவீங்க அண்ணி. முதல் இடம், நாலாம் இடம்னு. எனக்கு எந்த இடமும் வேணாம்னு இருந்துச்சு."

கடைசியாகத்தான் கேட்டேன். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். மூச்சு எங்கே போயிற்று என்று.

அவள் கிளிப் ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "அந்த வீட்ல இருந்தப்ப, பக்கத்துல உக்காந்து மூச்சு விட்டாலே அவருக்கு எரிச்சல். என்ன இரையுதுன்னு கேப்பாரு. அப்புறம் எனக்கே என் மூச்சு கேக்க ஆரம்பிச்சிடுச்சு. பாட்டுல வந்தா ஒண்ணு விடாம உக்காந்து வெட்டிடுவேன். நல்லா இருக்கணும்னுதான்."

மூச்சில்லாதவள் என்று எழுதினார்கள். அதற்குப் பிள்ளையார்சுழி போட்டது நான்.

அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் விறைத்து நின்றாள். விட்டுவிட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

இவரிடம் சண்டை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. உன் காதுக்குப் பயந்தா." தங்கை பாடுவதைச் சுவர் வழியே கேட்டுக் கேட்டு மெட்டு இவர் வாயில் ஒட்டிக்கொண்டதாம். இத்தனை மாதம் மனுஷன் மூச்சு விடவில்லை. லிஃப்டில் கேட்டாராம் லிஃப்டில்!

நான் என்ன நினைத்தேன் என்பதை இவரிடம் சொல்லப்போவதில்லை. இந்த நோட்டோடு போகட்டும்.

டிசம்பர் 28, ஞாயிறு

தோழி வீட்டு ரூம் இன்னும் காலியாகவில்லையாம். பெட்டிகள் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கியிருக்கின்றன. மூடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொன்னேன், எங்கள் நிலையத்தில் சத்தம் புகாத அறை ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கிறது என்று. "வேணாம் அண்ணி" என்றாள். "அங்க போனா மூச்சு மட்டும்தான் கேக்கும்." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. சந்தேகம்தான்.

டிசம்பர் 31, புதன்

பட்டியல் போட்டேன். 'காதின் ஒன்பது'. இந்த வருடம் புதிதாகக் கிடைத்தவர்கள் மட்டும் ஒன்பது பேர்: சைக்கிள் மணியைத் தாளமாக்கிய சகோதரர்கள், தூங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் தணிந்த குரலில் பாடுகிற தாய், முப்பது நொடிக்கு மேல் ஒரு பாட்டும் போடாத தபால்காரர்... எண் போடவில்லை. யார் முதல், யார் கடைசி என்று எழுதவில்லை. மேலே ஒரு பத்தி: "ஈரக்குடை மனுஷிதான். மூச்சு உண்டு. எனக்குத்தான் கேட்கவில்லை. நான் எழுதியது தவறு, அதைப் படித்து அங்கே போய்த் திட்டியவர்கள் திட்டியதும் தவறு."

வானொலி உடனே கூப்பிட்டார். "என்ன காது, யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லை."

"அப்ப எப்படித் தெரியும்?"

"கேட்டேன்."

வானொலி ஒரு நிமிடம் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை. பிறகு தணிந்த குரலில், "காது... ஈரக்குடை நீங்கதானா?"

இப்போது குழுவே அப்படித்தான் பேசுகிறதாம். கவனத்தை என் பக்கம் திருப்ப நானே பாடி, நானே திட்டி, நானே மன்னிப்புக் கேட்டேனாம். நான் பாடினால் கீழ்வீட்டுக்காரர் குழாய் உடைந்துவிட்டதா என்று மேலே ஏறி வருவார். ஆனால் இல்லை என்று சொன்னால் பிறகு யார் என்று கேட்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. சந்தேகப்படட்டும். எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியட்டும்.

ஜனவரி 3, சனி

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பழைய ஞாபகத்தில் பாடிவிட்டேன், அதே வரி, அதே தப்போடு. பின்னால் அவள் வந்து நிற்பது தெரியவில்லை.

"கதவை, அண்ணி."

"தெரியும். எனக்குக் கதைதான் வருது."

தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். கொஞ்சம் கழித்து அறைக்குள்ளிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம். வாசல் பக்கமா, கட்டிலுக்கு அடியிலா? கை ஈரத்தோடு அப்படியே நின்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில்தான். அந்தச் சத்தத்துக்குச் சத்தியம் செய்வேன்.

ஜனவரி 8, வியாழன்

வேலை விட்டு வந்தபோது அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. நான் ஒட்டிய தாள் இன்னும் சுவிட்ச் மேலேயே இருக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை.

தாளைக் கிழித்தேன். ஃப்ரிட்ஜை நானே அணைத்தேன்.

வீடு அமைதியானது. சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி நகர்ந்தது. பிறகு, பாட்டுக்கு முன்னால், நன்றாக இழுத்து ஒரு மூச்சு.

இவர் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, "ஏய், கரண்ட் இல்லையா?" என்று கத்தப் போனார். வாயைப் பொத்தினேன். நாளைக்குப் பால் புதிதாக வாங்க வேண்டும்.